கிளட்ச் கால்

டாக்டர் பேனா முனையால் காட்டுகிறார்:
இங்கே ஒரு கறுப்புக் கோடு தெரிய வேண்டும்,
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில்.
எக்ஸ்ரேயில் தேடுகிறேன்.
வெள்ளையோடு வெள்ளை உரசிக் கிடக்கிறது,
சாயங்காலப் பெரியார் நிலையத்தில்
பஸ்ஸோடு பஸ் உரசி நிற்பதுபோல்.

"எப்ப உடைஞ்சது?"
சமயநல்லூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், மொபெட்டில்.
இருபத்தாறு வருஷம் ஆகிறது.
வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாசம்.
டெப்போவுக்குத் தெரியாமல்
முட்டைப்பத்தும் மூங்கில் சிம்பும் வைத்துக் கட்டினேன்.
அரை விரற்கடை கோணலாகக் கூடியது.
அந்த அரை விரற்கடையைத்தான்
இத்தனை வருஷமும் மிதித்திருக்கிறேன்.

பெரியாரிலிருந்து திருமங்கலம்,
ஒரு நடைக்கு முந்நூறு கிளட்ச் இருக்கும்.
நாளைக்கு எட்டு நடை.
பெருக்கிப் பார்க்கிற தைரியம் வரவில்லை.
பழங்காநத்தத்தில் சிவப்பு விழும்போதெல்லாம்
கணுக்காலுக்குள் யாரோ கல்லுப்பை
அம்மியில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார்கள்.

ஊசி போட்டுப் பார்த்தாச்சு.
முதல் ஊசி மூன்று மாசம் தாங்கியது,
அடுத்தது மூன்று வாரம்,
அதற்கடுத்தது திருப்பரங்குன்றம் தாண்டும்வரை.

"இனிமே ரெண்டு வழிதான்."
ஒன்று, மூட்டை ஒட்டிவிடுவது.
தேய்ந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்து
மூன்று திருகாணி முடுக்கினால்
இரண்டு எலும்பும் ஓர் எலும்பாகும்.
வலி போகும். கூடவே அசைவும் போகும்.
மற்றது, மூட்டையே மாற்றுவது.
மேலே உலோகம், கீழே உலோகம்,
நடுவில் வெள்ளையாய் ஒரு பிளாஸ்டிக் துண்டு.
அசையும். ஆனால் தேயும்.
பத்து வருஷமோ பதினைந்தோ கழித்து
மறுபடி திறக்க வேண்டி வரலாம்.
"பஸ்ஸு?" என்றேன்.
எதைச் செய்தாலும் வேண்டாம் என்று
பேனாவை மூடினார்.

எனக்கு இரண்டு பாலம் தெரியும்.
போன வருஷம் நத்தம் ரூட் போட்டிருந்தார்கள்.
அந்த மேம்பாலத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி,
ஒவ்வொன்றிலும் டயர் 'தடக்' என்னும்.
வெயிலுக்கு நீள, குளிருக்குச் சுருங்க விட்ட இடமாம்.
ஏ.வி. பாலத்தில் தடக் கிடையாது,
வளைவு வளைவாய் இறுகி
எத்தனை வெள்ளம் பார்த்தது.
இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன்.
ஒச்சம்மாள் காதில் வாங்கவில்லை,
அவளுக்கு வேறு கேள்விகள்.
கக்கூஸில் குந்த முடியுமா,
சம்மணம் போட்டுச் சாப்பிட முடியுமா,
அழகர் இறங்குற அன்னைக்கு
ஆத்து மணல்ல நடக்க முடியுமா.

டிக்கெட் ரோல் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்.
டாக்டர் ஒவ்வொன்றாய்ப் படித்தார், சிரிக்காமல்.
"குந்துறது ரெண்டுலயுமே கஷ்டந்தான்.
ஒட்டிட்டா சமதரையில நல்லா நடக்கலாம்.
மேடு பள்ளந்தான் சிரமம்."
"மதுரையில சமதரை எங்க சார் இருக்கு?"
அப்போது சிரித்தார்.
நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
இடது கால் மட்டும் கலந்துகொள்ளவில்லை.

ஒட்டச் சொல்லிவிட்டேன்.
ஒரு தடவை திறந்தால் போதும்.
காப்பீட்டு அட்டை, சம்மதக் கையெழுத்து,
ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது,
பிறகு டெப்போவில் நேரம் குறிக்கிற நாற்காலி.

நேற்று கடைசி நடை.
திருமங்கலத்தில் சலேத்ராஜ் விசில் ஊதி
"போலாம் ரைட்" என்றான்.
மிதித்தேன், வலித்தது.
கியர் விழுந்ததும் மெல்ல விட்டேன்.
பெடலோடு சேர்ந்து பாதம் எழும்பியது,
இரண்டு விரற்கடை.
நின்றுகொண்டு வந்த கிழவர்கூடத்
தள்ளாடாத மாதிரி எழும்பும் அது,
இருபத்தாறு வருஷமாய் யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்னல் சிவப்பாய் விழாதா என்று
பழங்காநத்தம் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.
எல்லாம் பச்சை.